ஆறில் முடிந்த சீட்டுகள்

10 ஜூன் 2024, திங்கள்

கடை திறக்கும்போது ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. கிரீஸ் வைக்க வேண்டும். பதினொரு மணிக்குப் பழைய சாமான் வியாபாரி காதர் பாய் வந்து ஒரு சாக்கில் ஏழு பழைய லேப்டாப்களைக் கொண்டுவந்து போட்டார். கரும்பு ஆலையில் கழித்துவிட்ட சாமான்களாம். உதிரிப் பாகங்களுக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டேன்.

“தம்பி இருந்திருந்தா இந்நேரம் ஒவ்வொண்ணா தெறந்து பாத்திருப்பாரு” என்றார். என் வீட்டுக்காரர் தணிகாசலத்தைச் சொல்கிறார். அவர் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

மதியம் தயிர்சாதம். கீபோர்டில் டீ கொட்டிய லேப்டாப் ஒன்று முடிந்தது.

12 ஜூன், புதன்

சாக்கைப் பிரித்தேன். ஐந்துக்கு உயிரில்லை. ஆறாவதில் திரை மட்டும் நன்றாக இருக்கிறது. ஏழாவது கனமானது, சாம்பல் நிறம், இருபது வருடத்துக்கு முந்தைய மாடல். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ‘எடை மேடை 2’ என்று எழுதியிருந்தது.

திருப்பிப் பார்த்தேன். அடியில் எங்கள் கடை ஸ்டிக்கர். ‘12-4-2018. சரி. த.ச.’ அவர் கையெழுத்து.

மேசை ஓரத்தில் வைத்து மேலே ஒரு துணியைப் போட்டேன். ரேஷன் கடைக்குப் போனேன். கார்டில் அவர் பெயரை எடுக்க இறப்புச் சான்றிதழ் நகல் இன்னொன்று வேண்டுமாம்.

13 ஜூன், வியாழன்

துணியை எடுக்கவில்லை.

14 ஜூன், வெள்ளி

இந்த லேப்டாப் விஷயத்தை எழுதி வைக்கிறேன்.

ஆலைக்கு வரும் கரும்பு டிராக்டர்கள் முதலில் எடை மேடையில் ஏறும். மேடையிலிருந்து வரும் எடையை இந்த லேப்டாப் வாங்கி, பதிந்து, சீட்டு அடித்துக் கொடுக்கும். பழைய மென்பொருள்; இந்த லேப்டாப்பைத் தவிர வேறெதிலும் ஓடாது. அதனால்தான் 2018 வரை இதை விடாமல் வைத்திருந்தார்கள்.

2018 பங்குனியில் சில விவசாயிகள் வெளியே எடை போட்டுவிட்டு ஆலைக்கு வந்தார்கள். ஆலைச் சீட்டில் ஒரு டன் குறைந்தது. சாலை மறியல் நடந்தது. கணக்குப் பார்த்தபோது குறைந்த லோடு எல்லாமே மதியத்துக்கு மேல் வந்தவை. மதிய ஷிப்டில் இருந்தவர் தேசிங்கு என்பவர். கையால் எண்ணை மாற்றி அடித்து யாருக்கோ ஆதாயம் செய்துகொடுத்தார் என்று அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். தான் செய்யவில்லை, இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது என்றார் தேசிங்கு. இயந்திரத்தை எங்கள் கடைக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் சோதித்துப் பார்த்து, குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தேசிங்குக்கு வேலை போயிற்று. அடுத்த பருவத்துக்குள் ஆலையில் புது இயந்திரம் வாங்கி, இதை மூலையில் போட்டுவிட்டார்கள்.

அவ்வளவுதான் விஷயம்.

15 ஜூன், சனி

சார்ஜரைச் செருகினேன். பேட்டரி செத்துவிட்டது, ஆனால் கரண்டில் ஓடுகிறது. எடைத் திரை அப்படியே வருகிறது. மெமரி சோதிக்கும் சிடியைப் போட்டு ஒரு சுற்று ஓட்டினேன். இருபது நிமிடம். ஒரு பிழையும் இல்லை.

சரியாகத்தான் இருக்கிறது. மூடி வைத்தேன். தண்ணீர் லாரி வந்தது, எட்டுக் குடம் பிடித்தேன்.

17 ஜூன், திங்கள்

மின் இணைப்பைப் பெயர் மாற்றுவதற்காக மின்வாரிய அலுவலகம் போகவேண்டியிருந்தது. போவதற்குமுன் அந்தச் சோதனையை மறுபடி ஓடவிட்டுப் போனேன். எதற்கு என்று தெரியவில்லை. போனபிறகு கரண்ட் போயிருக்கிறது. இன்வெர்ட்டரில் மேசை மட்டும் ஓடும், ஏ.சி. ஓடாது. இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். கடை அடுப்பு மாதிரி இருந்தது.

திரை முழுக்கச் சிவப்பு. நானூற்றுப் பதினெட்டுப் பிழைகள்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா போன் சார்ஜர் கேட்டு வந்தார். நாங்கள் போன் சாமான் விற்பதில்லை என்றேன்.

19 ஜூன், புதன்

இதில் மெமரி இரண்டு இடத்தில் இருக்கிறது. கழற்றி மாட்டுகிற அட்டை ஒன்று. போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்த எட்டுச் சில்லுகள் மற்றது. அட்டையைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். ஆறியிருக்கும்போது பிழை இல்லை. சூடேறியதும் சிவப்பு வந்துவிட்டது. ஆக, கோளாறு பற்றவைத்த சில்லுகளில்.

பிறகு ஒவ்வொரு சில்லாகப் பார்த்தேன். சூடான காற்றை மிதமாக வைத்து ஒரு சில்லுக்கு மட்டும் காட்டி, மற்றவற்றை அலுமினியத் தாளால் மூடினேன். முதலாவது, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதற்குக் காற்றைக் காட்டி அரை நிமிடத்தில் பிழை. எடுத்தால் நிற்கிறது. காட்டினால் வருகிறது. ஈயப் பற்றில் விரிசலோ என்று கால்களை எல்லாம் மறுபடி உருக்கிப் பற்றவைத்தேன். அப்படியும் வந்தது. சில்லின் உள்ளேயே கோளாறு.

எழுதிய எண்ணுக்கும் திரும்பக் கிடைக்கிற எண்ணுக்கும் எப்போதும் ஒரே வித்தியாசம். கம்ப்யூட்டர் எந்த எண்ணையும் 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் பிட்டுகளாகப் பிரித்துத்தான் வைக்கும்; அவற்றில் ஒரே ஒரு பிட் சூட்டில் விழுந்துவிடுகிறது. அந்த இடத்தின் மதிப்பு 1024.

ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே.

20 ஜூன், வியாழன்

கடை திறக்கவில்லை. துணி துவைத்தேன்.

21 ஜூன், வெள்ளி

அவருடைய 2018 கோப்பை எடுத்தேன். நாங்கள் கொடுத்த சான்றின் நகல் இருந்தது. அதற்குப் பின்னால் ஐந்து எடைச் சீட்டுகளின் ஜெராக்ஸ். தேசிங்கு கொடுத்துவிட்டுப் போனவை.

வேலை போன மறுவாரம் அவர் கடைக்கு வந்திருந்தார். நான் உள் அறையில் ஒரு பிரிண்டரைத் திறந்து வைத்திருந்தேன். ஒல்லியான மனிதர். சத்தம் போடவில்லை. மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், எல்லாச் சீட்டும் பூஜ்யத்தில்தான் முடிய வேண்டும், குறைந்த சீட்டுகள் மட்டும் ஆறில் முடிகின்றன, கையால் திருடுகிறவன் எதற்கு ஆறில் முடிப்பான் என்று கேட்டார். இன்னொரு தரம் சோதிக்க முடியுமா என்றும் கேட்டார். லேப்டாப் ஆலைக்குத் திரும்பிப் போய்விட்டது, எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான் என்று தணிகாசலம் சொன்னார். பொறுமையாகத்தான் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்று சீட்டுகளைப் பார்த்தேன். 10,756. 8,836. மற்ற மூன்றும் ஆறில்தான் முடிகின்றன. ஒவ்வொன்றோடும் 1024-ஐக் கூட்டினேன். ஐந்தும் பூஜ்யத்தில் முடிந்தன.

22 ஜூன், சனி

மகள் சிந்துஜா பெங்களூரிலிருந்து பேசினாள். சாப்பிட்டேனா என்று கேட்டாள். லேப்டாப் விஷயத்தைச் சொன்னேன். அவளும் கம்ப்யூட்டர் வேலைதான், உடனே புரிந்துகொண்டாள். 

“அப்பாதானே சைன் பண்ணியிருக்காரு?”

“ஆமா.”

“அப்ப விட்டுடும்மா. அவரு இல்ல. இப்பப் போயி அவரு பேர இழுக்காத.”

சரி என்றேன். மாமாவின் மகள் வளைகாப்புக்கு என்ன புடவை என்று கேட்டாள். நான் வரவில்லை என்றேன்.

24 ஜூன், திங்கள்

பத்து நாளைக்கு முன் அவர் சோதித்தார் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். கையெழுத்து அவருடையது. சோதித்தது நான்.

அன்று அவர் புதுச்சேரிக்குப் போயிருந்தார். லேப்டாப்பைத் திரும்ப எடுத்துப்போக ஆலைக் கார் வாசலில் நின்றது. மூன்று சுற்றாவது ஓட்டச் சொல்லியிருந்தார். ஒரு சுற்று ஓட்டினேன். ஏ.சி. அறையில், இருபது நிமிடம். பிழை இல்லை. டிரைவர் இரண்டு தரம் எட்டிப் பார்த்தான். மணி இரண்டாகியிருந்தது. எனக்குப் பசித்தது. அவர் வந்ததும் எத்தனை சுற்று என்று கேட்டார். மூன்று என்றேன். அவர் ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வேறு காரணம் இருக்குமா என்று இன்று வெகுநேரம் யோசித்தேன். பசிதான்.

25 ஜூன், செவ்வாய்

இன்னொரு கம்ப்யூட்டரைக் கேபிளில் இணைத்து, எடை மேடை அனுப்புவது போல எண்களை அனுப்பினேன். காலையில் 11,780 அனுப்பினால் 11,780 பதிந்தது. ஏ.சி.யை நிறுத்தி, ஷட்டரை இறக்கி, இரண்டு மணி வரை காத்திருந்தேன். ஆலையில் தகரக் கூரைக்குக் கீழேதான் இதை வைத்திருந்தார்கள். இரண்டு ஐந்துக்கு அதே 11,780-ஐ அனுப்பினேன். சீட்டில் 10,756.

11,240 அனுப்பினேன். சரியாக வந்தது. அந்த எண்ணில் விழுவதற்கு அந்தப் பிட் இல்லை. அதனால்தான் எல்லா லோடும் குறையாமல் சிலது மட்டும் குறைந்திருக்கிறது. சிலது மட்டும் குறைந்ததால்தான் ஆள் பார்த்துச் செய்ததாகச் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன். வியர்வையில் புடவை நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து குளித்தேன்.

27 ஜூன், வியாழன்

சில்லை மாற்றினேன். அதே அளவுள்ள சில்லு ஒரு பழைய மெமரி அட்டையில் கிடைத்தது. ஒவ்வொரு பக்கமும் இருபத்தேழு கால்கள். பக்கத்துப் பாகங்களுக்கு வெப்பம் போகாமல் டேப் ஒட்டி, ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பிளக்ஸ் பசையைத் தடவி, காற்றைக் காட்டினேன். மூன்றாவது சில்லு தானாக நழுவி வந்தது. ஒட்டியிருந்த பழைய ஈயத்தைச் செம்பு நாரில் உறிஞ்சி எடுத்து, புதியதை நேராக வைத்து, லென்ஸில் பார்த்து ஒவ்வொரு காலாகப் பற்றவைத்தேன். ஐம்பத்து நான்கு கால்கள். கை நடுங்கவில்லை. இந்த மூன்று மாதத்தில் என் கை எதற்கும் நடுங்கவில்லை.

ஏ.சி. இல்லாமல் ஆறு மணி நேரம் ஓட்டினேன். பிழை பூஜ்யம். மறுபடி 11,780. மறுபடி 11,780. நாற்பது தரம்.

எடுத்த சில்லைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே தேதியும் என் பெயரும் எழுதினேன்.

28 ஜூன், வெள்ளி

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும்.

தேசிங்கு வந்துவிட்டுப் போன அன்று, அவர் தலை மறைந்ததும், தணிகாசலம் உள்ளே வந்தார். அந்தச் சீட்டுகள் அவர் கையில் இருந்தன. “மங்கை, மூணு சுத்து ஓட்டினல்ல?” என்று கேட்டார். முதல் தடவை கேட்டபோது எனக்கு அது வெறும் ஸ்டிக்கர் விஷயம். இந்தத் தடவை அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்திருந்தேன்.

“ஓட்டினன்” என்றேன்.

அவர் சீட்டுகளைக் கோப்பில் வைத்தார். அதன்பிறகு கேட்கவில்லை. கோப்பை அவர் ஏன் தூக்கிப் போடாமல் ஆறு வருடம் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. கேட்க ஆளில்லை.

30 ஜூன், ஞாயிறு

தேசிங்கு திண்டிவனம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் இருக்கிறார் என்று காதர் பாய்தான் விசாரித்துச் சொன்னார். காலை பஸ்ஸில் போனேன்.

கம்பி வலைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து டோக்கன் எழுதிக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. நான் தணிகாசலத்தின் மனைவி என்றேன்.

“தெரியும். அன்னிக்கு உள் ரூம்ல இருந்தீங்க.”

நான் அங்கே இருந்தது அவருக்குத் தெரியும் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

சொல்ல ஆரம்பித்தேன். ஒரு ரயில் வந்தது, இருபது பேர் வண்டி எடுக்க வந்தார்கள். எல்லோருக்கும் டோக்கனைச் சரிபார்த்து அனுப்பிவிட்டு வந்து நின்றார். தொடர்ந்து சொன்னேன். சில்லைக் காட்டினேன். வீடியோவைக் காட்டினேன். வெயிலில் திரை தெரியவில்லை என்று போனைச் சுவர் நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். 10,756 வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி பின்னால் தள்ளிப் பார்த்தார்.

“இது உங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“தெரியாது. மூணு சுத்து ஓட்டினன்னு அவர்கிட்ட பொய் சொன்னன். ஓட்டினது ஒண்ணுதான். நீங்க வந்துட்டுப் போனப்புறமும் கேட்டாரு. அப்பவும் பொய்தான் சொன்னன்.”

“எதுக்கு?”

“மொத தடவ பசிச்சுது. ரெண்டாவது தடவ, மொத தடவ சொன்னதால.”

 திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. குறைந்த லோடுகளில் அவர் மச்சான் ஏழுமலையின் லோடும் ஒன்றாம். சொந்த மச்சான் வயிற்றிலேயே அடித்தவன் என்று ஊரில் பேசினார்களாம். பொங்கலுக்கு யாரும் வீட்டுப் படி ஏறவில்லையாம். அதனால்தான் ஊரை விட்டு வந்ததாகச் சொன்னார். எல்லாவற்றையும் யாருக்கோ நடந்தது போலச் சொன்னார்.

பன்னிரண்டரைக்கு அவர் மனைவி அஞ்சலாட்சி சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். “இவங்க சொல்றத கேளு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேசிங்கு தள்ளிப் போய் வண்டிகளை ஒழுங்குபடுத்தினார். முதலிலிருந்து மறுபடி சொன்னேன். அந்த அம்மா டப்பாவைக் கீழே வைக்காமலே கேட்டார். முடிந்ததும் புருஷன் பக்கம் திரும்பி, எனக்கும் கேட்கும்படிச் சொன்னார்:

“ஆறு வருசமா, நீ செஞ்சிருப்பன்னு நெனச்சுக்கினுதான் சோறு போட்டன்.”

“தெரியும்” என்றார் அவர். ஒரு சைக்கிளைத் தூக்கி வரிசையில் வைத்தார்.

ஆலைக்கும் அவருக்கும் கடிதமாக எழுதித் தருகிறேன் என்றேன். ஆலைக்கு எழுதுங்கள், எனக்குக் காகிதம் வேண்டாம் என்றார்.

“ஊர்ல வந்து வாயால சொல்லுங்க. எல்லாரும் இருக்கறப்ப. உங்க பேரச் சொல்லிச் சொல்லணும். செத்தவரு பேர இல்ல.”

வருகிறேன் என்றேன்.

1 ஜூலை, திங்கள்

ஆலைக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். நான்கு பக்கம், என் கையெழுத்து. ஷட்டருக்குக் கிரீஸ் வைத்தேன்.

3 ஜூலை, புதன்

சிந்துஜாவிடம் சொன்னேன். அப்பா இல்லை, நான்தான் என்று. “அன்னிக்கு நான் விட்டுடுன்னு சொன்னப்ப ஏன் சொல்லல?” என்று கேட்டாள்.  போனை வைத்துவிட்டாள்.

10 ஜூலை, புதன்

ஆலையிலிருந்து ஒப்புகை அட்டை மட்டும் வந்திருக்கிறது. பழைய மேலாளர் இப்போது அங்கே இல்லையாம். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பிரிண்டர் வந்தது. இரண்டு முடிந்தது. சிந்துஜா பேசவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

தேசிங்கின் ஊரான வடசேரிக்குப்பத்தில் பால் சொசைட்டி முன்னால் இருக்கும் காலி இடத்தில் கூடச் சொல்லியிருந்தார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும். தேசிங்கும் அஞ்சலாட்சியும் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்தார்கள். கூட்டத்துக்குள் போகாமல் வேப்பமரத்துக்குக் கீழே தனியாக நின்றார்கள். அவர்கள் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது.

ஏழுமலையை யாரும் எனக்குக் காட்டவில்லை. முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, தேசிங்கைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஆள்தான் அவர் என்று தெரிந்தது.

என் பெயர் மங்கையர்க்கரசி, விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறேன் என்று ஆரம்பித்தேன். மைக் இல்லை. பின்னால் கேட்கவில்லை என்றார்கள், சத்தமாகச் சொன்னேன். லேப்டாப்பைக் கொண்டுபோயிருந்தேன். அந்தச் சில்லையும் காட்டினேன். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போய்த் திரும்பி வந்தது. வெயிலேறினால் இது ஓர் எண்ணை மறந்துவிடும், அதனால்தான் மதிய லோடு குறைந்தது, காலை ஷிப்டில் யார் இருந்தாலும் குறைந்திருக்காது, மதிய ஷிப்டில் யார் இருந்தாலும் குறைந்திருக்கும் என்றேன். இதைச் சோதிக்கும் வேலை என்னிடம் வந்தது, நான் ஒழுங்காகச் செய்யவில்லை, செய்ததாகப் பொய் சொன்னேன், என் வீட்டுக்காரர் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டார் என்றேன்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்:

“ஒழுங்கா பாத்திருந்தா எவ்ளோ நேரம் ஆயிருக்கும்மா?”

“ஏ.சி.ய நிறுத்திட்டு ஓட்டியிருந்தா ரெண்டு மணி நேரம்” என்றேன்.

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அதற்குமேல் யாராவது கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் கலையவில்லை. அவரவர் நின்ற இடத்தில் நின்றார்கள். ஏழுமலை கட்டியிருந்த கையை எடுத்தார். திரும்பிச் சொசைட்டிக் கட்டடத்துக்குள் போனார். கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலி வட்டத்துக்குள் நடந்துபோய், வேப்பமரத்துக்குக் கீழே தேசிங்குக்குப் பக்கத்தில் போட்டார். தூசியிருக்கிறதா என்று துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். 

தேசிங்கு நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டி நின்றுகொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அஞ்சலாட்சி அதில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஏழுமலை இன்னொரு நாற்காலி எடுத்துவர உள்ளே போனார்.